பழுதான வால்வு கிட்டார் ஆம்ப்: எந்த வரிசையில் சோதிப்பது, எங்கே கவனமாக இருப்பது

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிஃபையர்) ஒன்று ஒலிக்காமல் போனால், முதல் வேலையாக ஒரு செட் வால்வை வெளியிலிருந்து வரவழைத்து மாட்டிப் பார்ப்பது நம் குமரி மாவட்டத்து இசைக்குழுக்களில் வழக்கமாகிவிட்டது. சில நேரம் ஆம்ப் ஒலித்துவிடும். பல நேரங்களில் புதிய வால்வுகளும் சில நாட்களில் கெட்டுவிடுகின்றன. ஏனெனில் பழைய வால்வைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கிறது. முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது: வெளியிலிருந்து உள்ளே, மின்சாரம் இல்லாத சோதனையிலிருந்து மின்சாரம் உள்ள சோதனைக்கு, பவர் சப்ளையிலிருந்து ஒலி செல்லும் பாதைக்கு.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கும், மல்டிமீட்டரைக் கையாண்டு பழகியவர்களுக்கும் மட்டுமே இது உரியது. வால்வு ஆம்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் இருக்கிறது, அது கொல்லக்கூடியது. பழக்கமில்லாதவர்கள் 1, 2 ஆகிய பகுதிகளோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை அறிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

1. ஆம்பைக் கொண்டுவந்தவரிடம் கேட்க வேண்டியவை

பழுது திடீரென்று வந்ததா, சிறிது சிறிதாக வந்ததா என்று முதலில் கேளுங்கள். திடீரென்று நின்றது என்றால் பியூஸ், டயோடு, வால்வு உள்ஷார்ட் ஆகியவற்றை நோக்கிச் செல்லலாம். ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது அல்லது விட்டுவிட்டு வந்தது என்றால் ஜாக், சாக்கெட், சால்டர் இணைப்பு ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஆம்ப் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆலயப் பாடகர் குழுவின் ஆம்ப் மழைக்காலம் முழுவதும் மூலையில் கிடந்து, கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு வெளியே எடுக்கப்பட்டதும் இரைந்தால், அங்கே பழுது பெரும்பாலும் பாகங்களில் இருப்பதில்லை, உலோகத் தொடர்புகளில்தான் இருக்கும்.

மூன்றாவது, ஆம்ப் எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் பல வீடுகளில் இருக்கிறது. பின்புறத் தகட்டில் 120 வோல்ட் என்று இருந்தால் அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகக் கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. தகட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

2. திறக்காமல் செய்யும் சோதனைகள்

பியூஸ் எரிந்திருந்தால் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு மூன்றாவது பகுதிக்குச் செல்லுங்கள். இன்னொரு பியூஸ் போட்டுப் பார்ப்பதும், அதைவிடப் பெரிய பியூஸ் போடுவதும் சோதனை ஆகாது. பவர் டிரான்ஸ்பார்மரை எரித்துக்கொள்ளும் வழி அது. பியூஸுக்குப் பதிலாக ஈயத்தாள் சுற்றப்பட்ட ஆம்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டியிருந்தன.

பியூஸ் சரியாக இருந்தால், ஸ்பீக்கர் இணைப்பைப் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை இயக்கக் கூடாது. சுமை இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் மிகை மின்னழுத்தம் அதன் சுருளையோ வால்வு சாக்கெட்டையோ பொசுக்கிவிடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் இருந்தால் கெடாது, ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனால் கெடும். வால்வு ஆம்பில் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

கிட்டார், கேபிள், பெடல் ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள். பின்னர், ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை ஆம்பின் நடுவே இணைப்பதற்கான சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) இருந்தால், சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்கிற்கு ஒரு சிறிய கேபிளைச் செருகுங்கள். ஒலி உடனே திரும்பினால் பழுது கிடைத்துவிட்டது. ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே, எதுவும் செருகாதபோது இரண்டு உலோக இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு ஒலியைக் கடத்துகின்றன. கடலோரத்திலிருந்து வரும் ஆம்புகளில் அந்த இதழ்கள் கறுத்து, ஓரங்களில் பச்சை படிந்து காணப்படும். கண்ணுக்கு அவை தொட்டுக்கொண்டிருந்தாலும் மின்சாரம் கடப்பதில்லை. காண்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கில் தெளித்து, அதைப் பலமுறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வால்வு மாற்றப் பரிந்துரைக்கப்பட்டு என்னிடம் வரும் ஆம்புகளில் கணிசமானவற்றின் உண்மையான பழுது இதுதான்.

லூப் சோதனையின் இன்னொரு பயன், ஆம்பை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது. கிட்டாரையோ போனின் ஒலியையோ ரிட்டர்னில் கொடுத்தால் நன்றாகக் கேட்கிறது, முன்புற ஜாக்கில் கொடுத்தால் கேட்கவில்லை என்றால், பழுது முன்பகுதியில் இருக்கிறது. ரிட்டர்னிலும் கேட்கவில்லை என்றால் பவர் பகுதியிலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது.

3. திறப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

குறைந்தது 600 வோல்ட் டிசி அளக்கக்கூடிய, வயர் உறை தடித்த மல்டிமீட்டர். குரோக்கடைல் கிளிப் பொருத்திய கறுப்பு வயர். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டருடன் உறையிட்ட இரண்டு வயர்கள். 8 ஓம், 50 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சுமை ரெசிஸ்டர். காய்ந்த மூங்கில் குச்சி. சீரிஸ் பல்பு போர்டு (ஆம்புக்குப் போகும் மின்சாரத்தை ஒரு பல்பு வழியாகத் தொடராகக் கடத்தும் போர்டு). ஆம்பின் சர்க்யூட் படம் கிடைத்தால் அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

சீரிஸ் போர்டில் இடவேண்டியது பழைய குண்டு பல்பு. எல்இடி பல்பு பயன்படாது. இழை சூடேறும்போது அதன் தடை உயர்ந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. 15, 20 வாட் ஆம்புக்கு 60 வாட் பல்பும், 50 வாட் ஆம்புக்கு 100 வாட் பல்பும் போதும். 100 வாட் ஆம்புக்கு இரண்டு 100 வாட் பல்புகளை இணையாக இணைக்கலாம்.

வேலை செய்யும் இடம் பற்றி ஒரு சொல். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்வது நம் பக்கத்துப் பழக்கம். மழைக்காலத்தில் அந்தத் தரை ஈரத்தை வைத்துக்கொண்டேயிருக்கும். உலர்ந்த ரப்பர் விரிப்போ மரப்பலகையோ போட்டு, செருப்பு அணிந்து நில்லுங்கள். மின்சாரம் உள்ளபோது ஒரு கையால் மட்டுமே அளக்க வேண்டும். மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இரண்டு கைகளுக்கிடையே பாயும் மின்சாரம் நெஞ்சின் வழியே செல்கிறது.

4. கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை வடித்தல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். வால்வுகளைக் கழற்றிய நிலையில் ஆம்பை இயக்கியிருந்தால் இது இன்னும் ஆபத்தானது. தேங்கிய மின்சாரத்தை இழுத்துக் குறைக்க அங்கே எதுவும் இல்லை.

10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையை முதலில் சேஸிஸில் (பாகங்கள் பொருத்தப்பட்ட உலோகத் தட்டில்) கிளிப் செய்யுங்கள். மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையிலும் பத்து வினாடி வைத்திருங்கள். பிறகு மீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்யுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். அந்தப் பொறி கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கையையும் பதம் பார்க்கும். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுத்து நிறுத்தும்போதும் இதை மீண்டும் செய்ய வேண்டும். இரண்டாம், மூன்றாம் முறையில்தான் புதியவர்கள் மறக்கிறார்கள்.

5. மின்சாரம் இல்லாமல் பார்ப்பதும் அளப்பதும்

முதலில் கண்ணால் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கறுத்த ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர், சாக்கெட் முள்களுக்கிடையே கரிக்கோடு, பெட்டிக்குள் இறந்து காய்ந்த பல்லி ஆகியவை நேராகவே காரணத்தைக் காட்டிவிடும். சாக்கெட்டில் கரிக்கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து சேஸிஸ் வரை ஓம் அளவு கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும். பழைய இரண்டு முள் வயர் உள்ள ஆம்பாக இருந்தால், வேறு எதைச் செய்வதற்கும் முன் மூன்று முள் வயராக மாற்றி எர்த்தைச் சேஸிஸில் இறுக்குங்கள். கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதட்டை வைக்கும் பாடகரின் உயிர் அந்த ஒரு வயரில் இருக்கிறது.

பிறகு இவற்றை அளக்கலாம்: ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிபையர் டயோடுகள் ஒரு திசையில் மட்டும் கடத்துகின்றனவா; முதல் ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் சேஸிஸுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா; பவர் வால்வுகளின் ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள் தம் மதிப்பைக் காட்டுகின்றனவா. பல ஆம்புகளில் இந்த ஸ்கிரீன் ரெசிஸ்டர் 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம். அது திறந்து போயிருந்தால் (உள்ளே அறுந்து மின்சாரம் கடத்தாவிட்டால்) அந்த வால்வு உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். ரெசிஸ்டரோடு வால்வையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியை நடு முனையிலிருந்து இரு பக்கமும் அளந்தால் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை கிடைக்கும். இரண்டு பக்கமும் சிறிதளவு வேறுபடுவது இயல்பே. சுருளின் வெளிச்சுற்றுக்கு வயர் நீளம் அதிகம். ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது.

6. சீரிஸ் பல்பு வழியாக முதல் மின்சாரம்

எல்லா வால்வுகளையும் கழற்றி, எந்த வால்வு எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று குறித்து வையுங்கள். வடிக்கும் ரெசிஸ்டரின் கிளிப்பை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பிறகு சீரிஸ் பல்பு வழியாக ஆன் செய்யுங்கள்.

பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்தாற்போல் மங்கினால் நல்லது. கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது அப்படித்தான் ஒளிரும். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே நிறுத்தி, வடித்து, பவர் டிரான்ஸ்பார்மரின் உயர் மின்னழுத்த வயர்களைக் கழற்றி மறுபடியும் பாருங்கள். இப்போது மங்கினால் பழுது டயோடு அல்லது கெப்பாசிட்டரில். அப்போதும் எரிந்தால் ஹீட்டர் (வால்வின் உள்ளே சூடேறும் இழை) வயரிங்கையும் பிரித்துப் பாருங்கள். அதன் பிறகும் எரிந்தால் டிரான்ஸ்பார்மரே கெட்டிருக்கிறது.

வெறும் சாக்கெட்டோடு பல்பு மங்கினால், ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு, ரெக்டிபையர் வால்வு இருந்தால் அதை முதலிலும், அடுத்துச் சிறிய வால்வுகளையும், கடைசியாக, சுமையை இணைத்துவிட்டு, பவர் வால்வுகளையும் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஹீட்டர் மின்னோட்டத்தால் பல்பு சிறிது சிறிதாகக் கூடுதலாக ஒளிர்வது சரியே. ஒரு குறிப்பிட்ட வால்வை மாட்டியதும் திடீரென முழு வெளிச்சம் வந்தால், அந்த வால்வோ அதன் சாக்கெட்டைச் சுற்றியுள்ளதோதான் பியூஸை எரித்தது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாட்டினால் இந்தத் தகவல் கிடைக்காது.

7. மின்னழுத்தங்களை அளத்தல்

சுமையை இணைத்து, மீட்டரின் கறுப்பு வயரைச் சேஸிஸில் கிளிப் செய்துவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் நகர்த்துங்கள். பல்பு வழியாக ஓடும்போது எல்லா அளவும் குறைவாகவே இருக்கும். ஷார்ட் இல்லை, தனி நெகட்டிவ் சப்ளை உள்ள ஆம்பில் பவர் வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையில்) நெகட்டிவ் மின்னழுத்தம் இருக்கிறது என்று உறுதியான பின்னர் நேரடி மின்சாரத்திற்கு மாறலாம்.

ஹீட்டர் மின்னழுத்தம் 6.3 வோல்ட் ஏசி, ஏறக்குறைய பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இரவு நேரத்தில் லைன் வோல்டேஜ் 250 வரை ஏறும் இடங்களில் இதுவும் ஏறும். எனவே எதை அளக்கும் முன்பும் சுவர் பிளக்கின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பகுதியில் வழக்கமாக இருக்கும் சிறிய வால்வான 12ஏஎக்ஸ்7இன் முள் எண்கள் இவை (கேத்தோடு எலக்ட்ரான்களை வெளியிடும் முனை, பிளேட் அவற்றைப் பெறும் முனை): பிளேட்டுகள் 1, 6. கிரிட்டுகள் 2, 7. கேத்தோடுகள் 3, 8. வழக்கமான நிலைகளில் பிளேட்டில் 150 முதல் 250 வோல்ட்டும், கேத்தோடில் 1 முதல் 2 வோல்ட்டும் இருக்கும். பிளேட்டில் சப்ளை மின்னழுத்தம் அப்படியே நிற்கிறது, கேத்தோடில் பூஜ்யம் என்றால் வால்வு கடத்தவில்லை: வால்வு கெட்டிருக்கலாம், சாக்கெட் தொடாமல் இருக்கலாம். பிளேட்டில் பூஜ்யம் என்றால் பிளேட் ரெசிஸ்டரோ, அதற்கு முன்னுள்ள சப்ளை ரெசிஸ்டரோ திறந்திருக்கிறது. இந்த இரண்டு அளவுகளைச் சேர்த்துப் படிக்கப் பழகினால் முன்பகுதிப் பழுதில் பெரும்பான்மை விளங்கிவிடும்.

8. பவர் வால்வு சிவந்தால்: பயாஸ்

கவனமின்றி வால்வை வீணாக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி இயல்பு. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடே செந்நிறமாக மாறினால் உடனே நிறுத்துங்கள். பவர் வால்வின் கிரிட்டுக்குப் போக வேண்டிய நெகட்டிவ் மின்னழுத்தம், அதாவது பயாஸ், போகவில்லை என்பதே பெரும்பாலும் இதன் பொருள். இந்த நிலையில் புதிய வால்வு மாட்டினால் அதுவும் சில நிமிடங்களில் இதே கதிக்குச் செல்லும்.

வால்வுகளைக் கழற்றிவிட்டு, இஎல்34 அல்லது 6எல்6 பவர் வால்வுச் சாக்கெட்டின் 5ஆம் முள்ளில் (கிரிட்) டிசி அளவைப் பாருங்கள். நிலையான பயாஸ் (தனி நெகட்டிவ் சப்ளை) உள்ள ஆம்பில் இஎல்34க்கு ஏறக்குறைய மைனஸ் 30 முதல் 45 வரையும், 6எல்6க்கு மைனஸ் 40 முதல் 55 வரையும் இருப்பது வழக்கம். இரண்டு சாக்கெட்டிலும் இல்லை என்றால் பயாஸ் சப்ளையின் டயோடு, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் ஆகியவற்றைச் சோதியுங்கள். அந்தக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைதான் சேஸிஸில் இணைய வேண்டும், ஏனெனில் இது நெகட்டிவ் சப்ளை. புதியவர்கள் பழக்கத்தால் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு வால்வு மட்டும் சிவந்தால் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால், சாக்கெட் முள் தளர்ந்திருக்கலாம், கிரிட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து முந்தைய வால்வின் பாசிட்டிவ் மின்னழுத்தத்தைக் கிரிட்டுக்கு விடலாம். கேத்தோடு பயாஸ் ஆம்பில் (தனி நெகட்டிவ் சப்ளை இல்லாமல், கேத்தோடு ரெசிஸ்டரால் பயாஸ் கிடைக்கும் ஆம்பில்) இதைக் காண்பது எளிது: பவர் வால்வைக் கழற்றி, கிரிட் முள்ளில் அளந்தால் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் காட்டினால் கப்ளிங் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்.

பழுது நீங்கிய பின் பயாஸை அமைக்கலாம். இஎல்34இன் பிளேட் 25 வாட் தாங்கும். 6எல்6ஜிசி 30 வாட். அதில் 60 முதல் 70 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம். பிளேட் மின்னழுத்தம் 450 வோல்ட் என்றால், இஎல்34க்கு 70 சதவீதமான 17.5 வாட்டை 450ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர். கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். 70 சதவீதத்தை இலக்காகக் கொள்ளாமல் எல்லையாகக் கொள்ளுமாறு நான் சொல்வேன். நம் ஊரில் லைன் வோல்டேஜ் ஏறும் இரவுகளுக்கு அந்த இடைவெளி தேவை.

9. இரைச்சலும் ஹம்மும்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஃபில்டர் கெப்பாசிட்டர் வலுவிழந்தால் கேட்பது 100 ஹெர்ட்ஸ் ஹம். அது சற்றுக் கூர்மையான ரீங்காரம். ஹீட்டர் வயரிங்கிலிருந்தோ எர்த் கோளாறிலிருந்தோ வருவது 50 ஹெர்ட்ஸ். அது ஆழ்ந்த முனகல். போனில் உள்ள ட்யூனர் செயலி, ஹம் ஜி சுரத்தை ஒட்டி இருப்பதாகவே இரண்டிற்கும் காட்டும். ஆகவே ஹெர்ட்ஸ் எண்ணிக்கையைக் காட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

ஹீட்டரின் இருபக்கமும் சேஸிஸுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு போடப்பட்ட ஆம்புகளில், பவர் வால்வு உள்ளே ஷார்ட் ஆகும்போது அவற்றுள் ஒன்று எரிந்துபோகும். வால்வை மாற்றிய பிறகு புதிதாக 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் அங்கேதான் பாருங்கள்.

ஃபில்டரைச் சோதிக்க மீட்டரை ஏசி நிலையில் வைத்து அளக்கலாம். ஆனால் மலிவான சில மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஏசி நிலையில் இருபுறமும் திருப்பி அளந்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. இரைச்சல் எங்கே பிறக்கிறது, ஒலி எங்கே அறுகிறது

ஆம்பை நிறுத்தி, முதல் வால்வைக் கழற்றி, மீண்டும் இயக்குங்கள். இரைச்சல் நின்றால் அந்த வால்வு நிலையிலோ அதற்கு முன்போதான் பழுது. நிற்கவில்லை என்றால் அதற்குப் பின்னால். இப்படியே அடுத்தடுத்த சிறிய வால்வுகளுக்குச் செல்லுங்கள். ஹீட்டர்கள் தொடராக இணைக்கப்பட்ட ஆம்பில் இந்த முறை பொருந்தாது.

பிறகு மூங்கில் குச்சியால் வால்வுகளையும் சால்டர் இணைப்புகளையும் மெல்லத் தட்டுங்கள். முதல் வால்வு லேசாக மணிபோல ஒலிப்பது இயல்பு. தட்டும் இடத்தில் வெடிப்போ ஒலி அறுதலோ வந்தால், ஆம்பை நிறுத்தி, வடித்து, அந்த இணைப்பைப் புதிய ஈயத்தோடு மறுபடி சால்டர் செய்யுங்கள். பென்சிலால் தட்டாதீர்கள்; அதன் கருமுனை மின்சாரத்தைக் கடத்தும்.

11. பாகம் மாற்றும்போது

டிவி பழுதுபார்க்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டினது. 450 வோல்ட் ஓடும் ஆம்பில் அதை இட்டால் வெடிக்கும். 500 வோல்ட் கெப்பாசிட்டர் கிடைக்கவில்லை என்றால் 100 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இடலாம். 50 மைக்ரோஃபாரட், 700 வோல்ட் கிடைக்கும். அந்த ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தைச் சமமாகப் பகிர்வதோடு, நிறுத்திய பின் தேங்கிய மின்சாரத்தையும் மெல்ல வடித்துவிடும். வாட் அளவிலும் குறைக்காதீர்கள். 5 வாட் இருந்த இடத்தில் அரை வாட் நிற்காது.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, அளந்து, அடுத்ததற்குச் செல்லுங்கள். ஐந்து பாகங்களை ஒன்றாக மாற்றிவிட்டு ஆம்ப் ஒலிக்காவிட்டால், பழைய பழுது நிற்கிறதா, புதிய தவறு சேர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது.

12. ஒப்படைப்பதற்கு முன்

தகட்டில் குறித்த மதிப்புள்ள ஸ்லோ பியூஸை மாட்டி, சுமையோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பயாஸையும் பிளேட் மின்னழுத்தத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். சூடேறிய பின் பயாஸ் மின்னோட்டம் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் வேலை முடியவில்லை. எட்டாவது பகுதிக்குத் திரும்ப வேண்டும். அளவு நிலைத்துவிட்டால், தேதி, லைன் வோல்டேஜ், பிளேட் மின்னழுத்தம், பயாஸ், பியூஸ் மதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை இதைத் திறப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த அளவுகள் இருக்கும்.